பழைய ஸ்போர்ட்ஸ் கார்: முதலீடா, வீண் செலவா?

வேலணையான் (ஹாரோ, லண்டன்), பிப்ரவரி 9

எல்லோருக்கும் வணக்கம். வேலையிடத்தில் ஆட்குறைப்பு நடந்து, கையில் ஒரு தொகை வந்திருக்கிறது. கடவுளே என்று புது வேலையும் கிடைத்துவிட்டது. ஆகவே அந்தக் காசு உடனே தேவையில்லை. 18,000 பவுண்டுக்கு ஒரு போர்ஷே 911 பார்த்து வைத்திருக்கிறேன். 1999-ம் ஆண்டு கார், 996 என்கிற மாடல். வெள்ளி நிறம், மனுவல் கியர், 92,000 மைல்.

என் எண்ணம் இதுதான். காற்றில் குளிரும் என்ஜின் வைத்த பழைய 911-களை ஒரு காலத்தில் சீண்ட ஆள் இல்லை. இன்றைக்கு அவற்றின் கிட்டப் போக முடியாது. 996 மட்டும் இன்னும் கீழே கிடக்கிறது. ஐந்து வருஷம் மூடி வைத்திருந்தால் இதுவும் ஏறாதா?

மனைவி சொல்கிறா: "கார் வேணுமெண்டால் கார் வேணுமெண்டு சொல்லுங்கோ. முதலீடு எண்டு சொல்லி என்னைப் பேய்க்காட்ட வேண்டாம்." அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


மிளகாய்த்தூள் (பாரிஸ்), பிப்ரவரி 9

கிளிநொச்சியில் காணி வாங்குங்கோ அண்ணை. துருப்பிடிக்காது.


நாலுசக்கரம் (கோவை), பிப்ரவரி 10

அண்ணா, நான் ஷார்ஜாவில் 9 வருஷம் ஜெர்மன் வண்டிகள் மட்டும் பார்க்கிற வொர்க்‌ஷாப்பில் இருந்தேன். 996 இன்ஜின் நிறைய இறக்கி ஏற்றிய கை இது. விலை ஏறுமா இறங்குமா என்பது எனக்குத் தெரியாது, வண்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

996-க்கு முந்தைய 993 மாடல் வரைக்கும்தான் காற்றில் குளிரும் இன்ஜின். அது 1998-ல் முடிந்துவிட்டது. 996-ல் தண்ணீரில் குளிரும் இன்ஜின் வந்தது. முன்பக்க விளக்கைப் போர்ஷேயின் மலிவு மாடலான பாக்ஸ்டரோடு பங்கு போட்டார்கள். பொரித்த முட்டை மாதிரி இருக்கிறது என்று அப்போதே கேலி பேசினார்கள். விலை கீழே கிடப்பதற்கு முகமும் ஒரு காரணம்.

அதைவிடப் பெரிய காரணம் உள்ளே இருக்கிறது. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் சுற்றுவதை, வால்வுகளைத் திறக்கும் கேம் பக்கம் கொண்டுபோக நடுவில் ஒரு தண்டு உண்டு. அதன் ஒரு முனையில் சீல் செய்த பேரிங். வருஷம் போகப் போக அதில் இருக்கும் கிரீஸ் போய்விடும். பேரிங் உடைந்தால் இரும்புத்தூள் ஆயிலோடு இன்ஜின் முழுக்கச் சுற்றும். அதோடு கதை முடிந்தது, புது இன்ஜின்தான். 1999 வண்டிகளில் பொதுவாக இரண்டு வரிசைக் குண்டு வைத்த பேரிங் இருக்கும், அது கொஞ்சம் தாங்கும். 2000-க்குப் பிறகு வந்த ஒற்றை வரிசையில்தான் தொல்லை அதிகம். அமெரிக்காவில் வழக்கு வரைக்கும் போனது அதற்குத்தான். எப்படி இருந்தாலும் கிளட்ச் மாற்றும்போது கியர்பாக்ஸ் கீழே வரும் இல்லையா, அப்போதே பேரிங்கையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். "மாத்தியாச்சு" என்று வாயால் சொன்னால் அது மாற்றாத மாதிரிதான்.

வாங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். ஆயில் ஃபில்டரைக் கழற்றச் சொல்லுங்கள். அதற்குள் காகிதம் மடிப்பு மடிப்பாக இருக்கும். அதை அறுத்து, வெள்ளைத் துணியில் வைத்து, ஒவ்வொரு மடிப்பாக விரித்துப் பாருங்கள். கறுப்பாகவோ பழுப்பாகவோ பிளாஸ்டிக் துணுக்கு இருந்தால் அது இன்ஜின் செயினைப் பிடித்து ஓடவிடும் பிளாஸ்டிக் கைடில் இருந்து வந்தது, ஓரளவுக்கு எதிர்பார்க்கலாம். மினுமினு என்று இருந்தால் காந்தத்தைக் கிட்டே கொண்டு போங்கள். ஒட்டினால் ஸ்டீல். பேசாமல் சாவியைக் கொடுத்துவிட்டு, காபி சாப்பிட்டு வீட்டுக்குப் போய்விடுங்கள்.

விற்பவர் ஃபில்டரைக் கழற்ற விடவில்லை என்றாலும் அதே காபிதான்.


கணக்குப்பிள்ளை (குரோய்டன்), பிப்ரவரி 10

வேலணையான் அண்ணா, வரி விஷயத்தில் உங்களுக்கு நல்ல செய்தி. இங்கிலாந்தில் சொந்தப் பாவனைக்கு வைத்திருக்கும் காரை லாபத்துக்கு விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. கார் என்பது தேய்ந்து போகும் பொருள் என்று சட்டம் நினைக்கிறது. நட்டப்பட்டால் அந்த நட்டத்தையும் எங்கும் கழிக்க முடியாது. இதை எல்லோரும் சொல்ல மறந்துவிடுவார்கள். வருஷத்துக்கு நாலு கார் வாங்கி விற்க ஆரம்பித்தால் அது வியாபாரம், அப்போது வருமான வரி வரும்.

இனி கெட்ட செய்தி. உங்கள் ஐந்து வருஷக் கனவுக்கு நேற்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கராஜ் வாடகை மாதம் 100, வருஷம் 1,200. காப்புறுதி 400 என்று வைத்துக்கொள்வோம். சர்வீஸ், டயர், பிரேக் எல்லாம் சராசரியாக 900, அதுவும் பெரிய உடைப்பு எதுவும் வராமல் இருந்தால். வீதி வரி ஏறத்தாழ 350. எம்.ஓ.டி. என்கிற வருஷாந்த வாகனப் பரிசோதனை 55. மொத்தம் வருஷத்துக்கு 2,900 சொச்சம். ஐந்து வருஷத்தில் 14,500.

அந்த 18,000-ஐ நாலு வீத வட்டியில் போட்டிருந்தால் ஐந்து வருஷத்தில் 3,900 கிட்ட வந்திருக்கும். அதையும் சேருங்கள். 18,000-க்கு வாங்கிய காரை 36,400-க்கு விற்றால்தான் நீங்கள் தொடங்கிய இடத்துக்கே வருவீர்கள். லாபம் அதற்கு மேலே. விலை இரண்டு மடங்கானால் உங்களுக்குக் கிடைப்பது சைபர்!

ஹாரோவில் இருப்பதால் இன்னொன்று. 2023 ஆகஸ்ட் முதல் லண்டன் முழுக்க யூலெஸ், அதாவது புகை கூடிய வண்டிக்குக் கட்டணம். பெட்ரோல் கார் யூரோ 4 என்கிற புகைத் தரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஓட்டுகிற ஒவ்வொரு நாளுக்கும் 12.50. அந்தக் காலத்து 911-களில் சில தப்பும், சில தப்பாது. நம்பர் பிளேட்டைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். 40 வயதைத் தாண்டிய கார் என்றால் வீதி வரி விலக்கு, யூலெஸ் விலக்கு எல்லாம் உண்டு. உங்கள் கார் அதற்கு இன்னும் சின்னப் பிள்ளை.


டெக்சாஸ்காரன் (ஆஸ்டின்), பிப்ரவரி 10

எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். நான் 2012-ல் 11,000 டாலருக்கு 2001 ஹோண்டா எஸ்2000 வாங்கினேன், துணிக்கூரை போட்ட ஸ்போர்ட்ஸ் கார். பத்து வருஷம் ஆசை தீர ஓட்டிவிட்டு 2022-ல் 27,000-க்கு விற்றேன். எந்த பாங்க் எனக்கு இதைக் கொடுத்திருக்கும்?

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 15 வயதில் சுவரில் போஸ்டர் ஒட்டிய பையன் 45 வயதில் காசோடு வருவான். அவன் வருவதற்கு முன்னால் நாம் வாங்கி வைத்திருக்க வேண்டும். அமெரிக்காவுக்குள் வெளிநாட்டுக் கார் இறக்க 25 வருஷம் ஆகியிருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. ஜப்பானின் நிசான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். ஆர்34-க்கு அந்தக் கதவு 2024-ல் திறந்தது. திறக்கப் போகிறது என்று தெரிந்தவன் எல்லாம் முன்கூட்டியே ஜப்பானில் வாங்கி வைத்தான். தேதி தெரிந்த பந்தயம் அது.

இன்னொரு பக்கம் பாருங்கள், 2022-ல் மெர்சிடஸ் 300 எஸ்.எல்.ஆர். ஊலன்ஹாட் கூப்பே 135 மில்லியன் யூரோவுக்குப் போனது. ஃபெராரி 250 ஜி.டி.ஓ. 2018-ல் 48 மில்லியன் டாலருக்கு மேல். ஏறாமலா இதெல்லாம்?


கணக்குப்பிள்ளை (குரோய்டன்), பிப்ரவரி 10

தம்பி, அந்த மெர்சிடஸ் உலகத்தில் மொத்தம் இரண்டுதான் செய்தார்கள். 250 ஜி.டி.ஓ. 36. வேலணையான் அண்ணா கேட்கும் 996-ஐ 1,75,000 செய்திருக்கிறார்கள். மோனா லிசா விலை ஏறுகிறது என்று நாட்காட்டி வாங்கி வைக்கலாமா?

உங்கள் எஸ்2000-க்கு வருகிறேன். அந்தப் பத்து வருஷத்தில் எஸ் அண்ட் பி 500 என்கிற அமெரிக்கப் பங்குச் சந்தைக் குறியீடு கிட்டத்தட்ட மூன்று மடங்கானது. 11,000-ஐ அதில் போட்டுவிட்டுத் தூங்கியிருந்தாலே 27,000-ஐ விட அதிகம் கையில் இருந்திருக்கும், டிவிடெண்ட் சேர்க்காமலே. பத்து வருஷ இன்சூரன்ஸ், டயர், கூரைத் துணி எல்லாம் எவ்வளவு ஆச்சு? மனசைத் தொட்டுச் சொல்லுங்கள்.


டெக்சாஸ்காரன் (ஆஸ்டின்), பிப்ரவரி 11

கூரைத் துணி இரண்டு தடவை. டயர் நாலு செட். சரி, இன்சூரன்ஸைக் கூட்ட வேண்டாம், கூட்டினால் எனக்கே தலை சுற்றும்.

ஆனால் எஸ் அண்ட் பி-யை 9,000 ஆர்.பி.எம். வரைக்கும் முறுக்க முடியாதே சார்.


கணக்குப்பிள்ளை (குரோய்டன்), பிப்ரவரி 11

அது சந்தோஷம். அதற்கு நான் எதிரி இல்லை. கேள்வி முதலீடா என்பது.


பழைய_இரும்பு (ஸ்கார்பரோ, டொரோண்டோ), பிப்ரவரி 11

நான் 1989-ல் வெம்பிளியில் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்தவன். அந்தக் காலக் கூத்தை நேரே பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

1987 ஒக்டோபரில் பங்குச் சந்தை விழுந்தது. காசு வைத்திருந்தவன் எல்லாம் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருளைத் தேடினான். அடுத்த வருஷம் ஓகஸ்டில் என்ஸோ ஃபெராரி கண்ணை மூடினார். ஃபெராரி விலை பேய் பிடித்த மாதிரி ஏறியது. ஜப்பான்காரர் வேறு வாங்கிக் குவித்தார்கள். எங்கள் நிலையத்துக்கு ஒருவர் சிவப்பு ஃபெராரியில் வருவார். ஐந்து பவுண்டுக்கு மேல் பெற்றோல் அடிக்க மாட்டார். மைல் கூடினால் விலை குறையும் என்பார். என் சம்பளத்தில் ஓடின டட்சன் அதைவிடக் கூட ஊர் பார்த்தது.

1988-ல் ஜாகுவார் பேர்மிங்ஹாம் கண்காட்சியில் எக்ஸ்.ஜே.220 என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் காட்டியது. வி12 என்ஜின், நாலு சில்லும் இழுக்கும் என்றார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் முண்டியடித்தார்கள், 50,000 பவுண்ட் முற்பணம் கட்டத் தயாராக. பாதிப் பேர் ஓட்டுவதற்கு இல்லை, கட்டின துண்டை இன்னொருவருக்கு விற்பதற்கு. 1992-ல் கார் வந்தபோது உள்ளே இருந்தது வி6 டர்போ, பின் சில்லு மட்டும்தான் இழுத்தது. அதற்கிடையில் இங்கே வட்டி வீதம் 15-ஐத் தொட்டு, வீட்டுக்காரனும் கார்க்காரனும் சேர்ந்தே விழுந்துவிட்டார்கள். காரை எடுக்க மாட்டோம் என்று சிலர் நீதிமன்றம் போய்த் தோற்றார்கள். சிலர் காசு கொடுத்துக் கழன்றார்கள். கடைசியில் 300-கூடச் செய்யவில்லை.

இன்றைக்கு அதே எக்ஸ்.ஜே.220-க்கு நல்ல விலை இருக்கிறதுதான். ஆனால் 30 வருஷம் பொறுத்தவனுக்கு. ஐந்து வருஷத்தில் காசு பார்க்கலாம் என்று போனவன்தான் நீதிமன்ற வாசலில் நின்றான்.

என்னுடைய அந்தச் சிவப்பு ஃபெராரிக்காரர் 1991-க்குப் பிறகு வரவில்லை.


ஏ40_மயில்வாகனம் (யாழ்ப்பாணம்), பிப்ரவரி 12

எங்கட ஆட்களுக்கு "கார் என்றால் விலை ஏறும்" என்ற நினைப்பு எங்கே இருந்து வந்தது தெரியுமா? இங்கே இருந்துதான். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் காருக்குத் திரும்பத் திறந்தது 2025-ல். இடையில் பாவிச்ச கார் எல்லாம் புதுக் காரின் விலைக்கு மேலே போனது. அது காரின் திறமையா? கதவை மூடினதால் வந்த விலை. அதற்கு முந்தி, சண்டைக் காலப் பெற்றோல் தடையில் எங்கட ஒஸ்ரின் ஏ40 மண்ணெண்ணெயில் ஓடினது. ஸ்ரார்ட் பண்ண மட்டும் ஒரு சொட்டுப் பெற்றோல். அப்போதும் நல்ல விலைதான்.

லண்டனில் கதவு திறந்தே கிடக்கிறது. நாளைக்கே இன்னொரு 996 வாங்கலாம். அப்படி இருக்கையில் உங்களுடையதை ஏன் ஒருவன் இரட்டிப்பு விலைக்கு வாங்க வேண்டும்?


ராகவி_மாம்பலம் (சென்னை), பிப்ரவரி 13

இந்த இழையை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

எங்கள் வீட்டில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இருக்கிறது. இரண்டு கதவு, சென்னையிலேயே தயாரானது. ஸ்போர்ட்ஸ் கார் இல்லை என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்கிற இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார் இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தை வெட்டிச் சுருக்கிச் செய்ததுதான். பானட்டும் அதே மாதிரி மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். முன் சஸ்பென்ஷன் சாமான் வேண்டும் என்றால் அப்பா இன்றும் ஸ்பிட்ஃபயருக்கு என்று விற்பதைத்தான் இங்கிலாந்தில் இருந்து வரவழைக்கிறார்.

அப்பா 1987-ல் 14,000 ரூபாய்க்கு வாங்கினார். வாங்கிய நாளில் இருந்து ஒரு நீளக் கணக்கு நோட்டு. டிங்கரிங், பட்டி, பெயின்ட், கார்புரேட்டர் கிட், புதுப்பேட்டையில் வாங்கிய பழைய ஹப். மெக்கானிக்குக்கு வாங்கிக் கொடுத்த டீ, பஜ்ஜி கூட அதில் இருக்கிறது. 2019-ல் நோட்டு தீர்ந்தபோது கூட்டிப் பார்த்தோம். 3,86,000 ரூபாய் சொச்சம். அதே வருஷம் ஒருவர் வந்து மூன்றரை லட்சத்துக்குக் கேட்டார். 14,000-க்கு வாங்கி மூன்றரை லட்சம் என்று சொந்தக்காரர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். அம்மா மட்டும் நோட்டைக் காட்டினார்.

இந்தியாவில் இருந்து இந்த ஆசையோடு படிப்பவர்களுக்கு: 1999 போர்ஷேவை வெளிநாட்டில் வாங்கி இங்கே இறக்க முடியாது. முன்பு 1950-க்கு முந்தைய வண்டிக்குத்தான் வழி இருந்தது, 2025-ல் அதை 50 வருஷம் ஆன வண்டி என்று தளர்த்தினார்கள். வரி வேறு விஷயம், அதைப் பேசினால் சாப்பாடு இறங்காது. உள்ளூரில் 50 வயதான வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்ய 20,000 ரூபாய். நம்பரில் "வி.ஏ." என்று வரும். பத்து வருஷம் செல்லும். ஆனால் அந்தப் பதிவில் தினமும் ஆபீஸ் போக முடியாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல், பழுதுபார்ப்பு, அவ்வளவுதான்.


நெறியாளர், பிப்ரவரி 13

இழை நன்றாகப் போகிறது. ஒரே ஒரு வேண்டுகோள், விற்பனை விளம்பரங்களின் நம்பர் பிளேட் தெரிகிற படங்களைப் போட வேண்டாம். இரண்டை நீக்கியிருக்கிறேன். காணி விளம்பரம் ஒன்றையும்.


வேலணையான் (ஹாரோ, லண்டன்), மார்ச் 2

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளி நிறக் காரைப் பார்க்கக் கிளம்புவதற்கு முதல் நாள் இரவு, அரசாங்கத் தளத்தில் நம்பர் பிளேட்டைப் போட்டு எம்.ஓ.டி. வரலாற்றைப் பார்த்தேன். 2013-ல் 97,400 மைல். 2014-ல் 1,03,100. 2015-ல் 61,800! அதற்குப் பிறகு ஒழுங்காக ஏறி இப்போது 92,000. விற்பவருக்குத் தொலைபேசி எடுத்தேன். "டாஷ்போர்ட் மாத்தினது, அப்படித்தான் காட்டும்" என்றார். மாற்றின பில் இருக்கிறதா என்று கேட்டேன். தேடிப் பார்த்து எடுக்கிறேன் என்றவர் இன்னும் எடுக்கவில்லை.

கணக்குப்பிள்ளை போட்ட 36,400-ஐ மனைவிக்குக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது.


நாலுசக்கரம் (கோவை), மார்ச் 3

தப்பித்தீர்கள் அண்ணா. இப்படி மீட்டர் திருப்பிய வண்டியைப் பிறகு நீங்கள் விற்கப் போனாலும் வாங்குகிறவரும் அதே தளத்தைத்தான் பார்ப்பார். 1,40,000 மைல் ஓடி, ஒவ்வொரு சர்வீஸுக்கும் பில் வைத்திருக்கிற வண்டி இதைவிட ஆயிரம் மடங்கு மேல். பழைய வண்டியில் பாதி விலை காகிதத்துக்குத்தான்.


பழைய_இரும்பு (ஸ்கார்பரோ, டொரோண்டோ), மார்ச் 3

மாஸ்டா எம்.எக்ஸ்-5 ஒன்றை எடுங்கோவன். நாலைந்தாயிரத்துக்குள் வரும். பின் சில்லுக்கு மேல் வளைவிலும் கதவுக்குக் கீழேயும் துரு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கோ. மிச்சத்தை ஐசாவில், அதுதான் வரியில்லாத சேமிப்புக் கணக்கில், போடுங்கோ. இரண்டு பேருக்கும் சமாதானம்.


வேலணையான் (ஹாரோ, லண்டன்), ஏப்ரல் 19

அண்ணை, உங்கள் பேச்சைக் கேட்கப் போய்த்தான் இருந்தேன். ஒரு எம்.எக்ஸ்-5 போய்ப் பார்த்தேன். நல்ல கார். ஆனால் நான் 6 அடி 1 அங்குலம், கூரையைப் போட்டால் தலை முட்டுகிறது.

கடைசியில் 996 தான். கடும் நீலம், 1,31,000 மைல், 15,200 பவுண்ட். ஓய்வுபெற்ற ஒருவர் 14 வருஷம் வைத்திருந்தது. இரண்டு தடித்த கோப்பு நிறையப் பில். 2016-ல் கிளட்ச்சோடு பேரிங்கும் மாற்றினதற்குத் தனிப் பில் இருக்கிறது. ஃபில்டரைக் கழற்றலாமா என்று கேட்டேன். "நானே கழற்றித் தருகிறேன்" என்று பழைய மேசைத்துணி ஒன்றை விரித்தார். இரண்டு பேரும் கண்ணாடி போட்டுக்கொண்டு மடிப்பு மடிப்பாகப் பார்த்தோம். கறுப்புப் பிளாஸ்டிக் துணுக்கு மூன்று. காந்தத்தில் எதுவும் ஒட்டவில்லை. யூலெஸும் தப்பிவிட்டது.

முதலீடு என்ற சொல்லை வீட்டில் இனிப் பாவிப்பதில்லை என்று ஒப்பந்தம். மனைவி ஒரு முறை ஓட்டினா. ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது நேர் வழியில் வராமல் சுற்றி வந்தா.


நாலுசக்கரம் (கோவை), ஏப்ரல் 19

வாழ்த்துகள் அண்ணா! டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் டயர் செய்த வாரம், கடைசி இரண்டு இலக்கம் வருஷம். பட்டன், அதாவது டயரின் வெட்டு, எவ்வளவு இருந்தாலும் சரி, அந்த எண் என்ன என்று சொல்லுங்கள்.


வேலணையான் (ஹாரோ, லண்டன்), ஏப்ரல் 20

3214.


நாலுசக்கரம் (கோவை), ஏப்ரல் 20

2014 ஆகஸ்ட். ரப்பர் பழசாகிவிட்டது. நாலையும் மாற்றிவிட்டு ஓட்டுங்கள், அதுவரை மோட்டார்வே பக்கம் போகாதீர்கள்.


வேலணையான் (ஹாரோ, லண்டன்), ஏப்ரல் 26

மாற்றியாச்சு. ராகவி, அப்பாவிடம் சொல்லுங்கள், நானும் ஒரு நீளக் கொப்பி வாங்கிவிட்டேன். முதல் வரி: டயர் 4, 712 பவுண்ட். இரண்டாவது வரி: டயர்க் கடையில் தேநீர், 1.80.


ராகவி_மாம்பலம் (சென்னை), ஏப்ரல் 26

சொன்னேன். பஜ்ஜி இல்லையா என்று கேட்கிறார்.